கடைசி பெஞ்சுக்குக் காற்று வருகிறதா?

அன்புள்ள தம்பி,

செங்கல்பட்டுப் பள்ளிக்காக நீ வரைந்த பிளானைப் பார்த்தேன். நடுவில் நடைபாதை, இருபக்கமும் ஆறு ஆறு வகுப்பறைகள், மேற்கே பார்த்த கண்ணாடி முகப்பு. தாளாளருக்குக் கட்டாயம் பிடிக்கும். ஆனால் அந்த அறைகளில் காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை உட்காரப் போகிறவர் அவர் இல்லை. ஜன்னலைத் திறக்க எழுந்து போவதற்கே ஆசிரியரிடம் அனுமதி கேட்க வேண்டிய பிள்ளைகள்தான் அங்கே இருக்கப் போகிறார்கள். கார்மெண்ட் கம்பெனியில் தையல் மிஷின் முன்னால் உட்காரும் பெண்ணுக்கும், ஹெட்செட் மாட்டிக்கொண்டு கால் சென்டரில் இரவெல்லாம் பேசும் பையனுக்கும் நிலைமை அதேதான். அவர்கள் மூச்சில் போகும் காற்று எதுவென்று தீர்மானிப்பது நம் பென்சில். உன்னைப் போல முதல் பள்ளியை வரையும் மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார். உன் அறை 8 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். ஆக 144 கன மீட்டர். உள்ளே நாற்பது பிள்ளைகள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை மணிக்குச் சுமார் 15 லிட்டர் கரியமில வாயுவை வெளியே விடும். நாற்பது பேருக்கு 600 லிட்டர். வெளிக்காற்றில் அது பத்து லட்சத்துக்கு 420 பங்கு அளவில் இருக்கிறது. கதவு ஜன்னலைச் சாத்திவிட்டால் எட்டு ஒன்பது நிமிடத்தில் 1,000 பங்கைத் தாண்டிவிடும். முதல் பீரியட் முடியும்போது 3,000-க்குப் பக்கத்தில் நிற்கும்.

அந்த 1,000 என்ற எல்லையை மியூனிக் நகரத்து மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் 1858-லேயே சொல்லிவிட்டார். அந்த அளவில் கரியமில வாயு விஷம் இல்லை. ஒருவர் விட்ட மூச்சை அடுத்தவர் எவ்வளவு இழுக்கிறார் என்பதற்கு அது அளவுகோல். காசநோயும் அம்மையும் காய்ச்சலும் அந்த வழியில்தான் பரவுகின்றன. மதியத்துக்கு மேல் பிள்ளைகள் தூங்கி வழிந்தால் சாப்பாட்டை மட்டும் குறை சொல்லாதே.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஒரு தொழிலாளிக்குக் குறைந்தது 14.2 கன மீட்டர் இடம் வேண்டும் என்றது. அதிலும் தரையிலிருந்து 4.2 மீட்டருக்கு மேலே உள்ள இடத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றது. கூரையை உயர்த்திக் காட்டி ஆட்களை நெருக்கி உட்காரவைத்துவிடக் கூடாது என்ற முன்யோசனை. உன் அறையில் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது 3.6 கன மீட்டர். எத்தனையோ தொழிற்கூடங்களை விட நம் வகுப்பறைகள் நெரிசலானவை. அறையைப் பெரிதாக்க உன்னால் முடியாது, இடமும் பணமும் உன் கையில் இல்லை. காற்று மாறுவது உன் கையில் இருக்கிறது.

"ஏசி போட்டுவிடுகிறோம் சார்" என்று சொல்லுவார்கள். ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிரவைத்துத் திருப்பி விடுகிறது. வெளிக்காற்றை ஒரு சொட்டுக்கூட உள்ளே கொண்டுவருவதில்லை. ஏசி போட்டதும் ஜன்னலைச் சாத்துவார்கள், சாத்தியபின் மேலே சொன்ன கணக்கு ஓடத் தொடங்கிவிடும். ஏசி வைத்தே ஆக வேண்டிய அலுவலகம் என்றால் வெளிக்காற்றுக்குத் தனி ஃபேன், தனி டக்ட், ஃபில்டர் மூன்றையும் எஸ்டிமேட்டில் முதலிலேயே எழுதிவிடு. கடைசியில் சேர்த்தால் முதலில் வெட்டப்படுவது அதுதான்.

பள்ளிக்கு வருவோம். இருபக்கமும் அறை வைத்து நடுவில் நடைபாதை விட்டால் ஒவ்வொரு அறைக்கும் வெளிச்சுவர் ஒன்றே ஒன்று. காற்றுக்கு வர வழி இருக்கும், போக வழி இருக்காது. போக வழியில்லாத இடத்துக்குக் காற்று வராது. பழைய அரசுப் பள்ளிகளில் ஒரே வரிசையாக அறைகள், முன்னால் தாழ்வாரம், எதிர்ச்சுவரில் ஜன்னல் என்று வைத்தார்களே, அதைக் காலாவதியான பாணி என்று நினைக்காதே. கட்டிடத்தைக் கிழக்கு மேற்காக நீட்டு. ஜன்னல்கள் வடக்கிலும் தெற்கிலும் வரட்டும். மதியத்துக்கு மேல் உங்கள் பக்கம் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று வரும். அதற்கு வாசலைத் திறந்து வை. வடக்கு ஜன்னலுக்கு சன்ஷேடு வேண்டாம் என்று பாடப்புத்தகத்தை நம்பி விட்டுவிடாதே. நம் அட்சரேகையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் உச்சி வெயில் வடக்கே சாய்ந்துதான் நிற்கும்.

ஜன்னல் எந்த உயரத்தில் தொடங்குகிறது என்பதையும் பார். பிள்ளைகள் வெளியே வேடிக்கை பார்ப்பார்கள் என்று நாலடி உயரத்துக்குச் சுவர் எழுப்பச் சொல்லுவார்கள். அப்படிச் செய்தால் காற்று ஆசிரியரின் தோளைத் தொட்டுவிட்டுப் போய்விடும், பெஞ்சில் இருக்கும் பிள்ளைக்கு வியர்வைதான் மிச்சம். இரண்டரை அடியில் தொடங்கு. தாழ்வாரச் சுவரில் லிண்டலுக்கு மேலே வென்டிலேட்டர் வை. சூடான காற்று மேலே ஏறி அந்த வழியே வெளியேறட்டும். கிரில்லில் ஒரு பகுதியாவது உள்ளிருந்து திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் 94 பிள்ளைகள் தீயில் போனார்கள். அந்தப் பிள்ளைகளின் பெயர்கள் எழுதிய பலகையைப் பார்த்தவன் எவனும் வெளியேறும் வழியை இரண்டாம்பட்சமாக வரைய மாட்டான்.

ஒரு முறை புதுச்சேரி போய், அனுமதி வாங்கி, அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியைப் பார்த்துவிட்டு வா. ஆன்டனின் ரேமண்ட் வரைந்தது. 1930-களின் பின்பாதியில் வேலை தொடங்கி உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது முடிந்தது. வெளிப்பக்கம் முழுக்க மேலிருந்து கீழ்வரை திருப்பக்கூடிய பட்டைகள். கையால் கம்பியைத் திருப்பினால் வெளிச்சமும் காற்றும் வேண்டிய அளவுக்கு வரும், மழையும் வெயிலும் நிற்கும். அறைக்கும் நடைபாதைக்கும் இடையே இடுக்கு விட்ட தேக்குக் கதவுகள். கதவு மூடியிருந்தாலும் காற்று நடந்துகொண்டிருக்கும். கூரை இரண்டடுக்கு, நடுவில் காற்று ஓடும் இடைவெளி. ஏசி கிடையாது. அந்தப் பட்டையை ஒரு தடவை நீயே திருப்பிப் பார். அறையில் உட்காருகிறவர் கையில் அதிகாரம் கொடுப்பது என்றால் என்னவென்று புரியும்.

கூரை என்றதும் நினைவுக்கு வருகிறது: மேல்மாடி வகுப்பறைக்கு நீ செய்யும் ஆகப் பெரிய உபகாரம் கூரையில்தான். வெறும் கான்கிரீட் தளம் காலையிலிருந்து வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, பிற்பகலில் பிள்ளைகளின் தலையில் இறக்கும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதிக்கும் வழக்கத்தைச் செலவு என்று விட்டுவிட்டார்கள். அதைத் திரும்பக் கொண்டுவா, மேலே வெள்ளைப் பூச்சு அடி. ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும் என்றும் எழுதிக் கொடு. சூட்டுக்கும் படிப்புக்கும் என்ன தொடர்பு என்று தாளாளர் கேட்டால் சொல்: அமெரிக்காவில் ஒரு கோடி மாணவர்களின் தேர்வு மதிப்பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2020-இல் வந்தது. ஏசி இல்லாத பள்ளிகளில் அந்தப் படிப்பாண்டு 1 டிகிரி ஃபாரன்ஹீட் கூடுதலாகச் சுட்டால் அந்த ஆண்டில் கற்பது சுமார் 1 சதவீதம் குறைந்தது.

மேற்குக் கண்ணாடியை எடுத்துவிடு. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இரண்டு மணிக்கு வெயில் கரும்பலகையில் கூசும், உடனே திரை போடுவார்கள், திரை போட்டதும் டியூப்லைட் எரியும். பகல் வெளிச்சத்துக்காகப் போட்ட கண்ணாடி, பகல் வெளிச்சத்தையே விரட்டிவிடும். கலிஃபோர்னியாவில் 1999-இல் ஒரு ஆய்வு, வெளிச்சம் அதிகமான வகுப்புகளில் கணக்குப் பாடத்தில் 20 சதவீதம் வேகமான முன்னேற்றம் இருந்ததாகச் சொன்னது. அதே குழு சில ஆண்டுகள் கழித்து வேறோர் ஊரில் பார்த்தபோது அந்த அளவு பலன் தெரியவில்லை. கண் கூசலும் சத்தமும் படிப்பைக் கெடுப்பது தெரிந்தது. ஆகவே வெளிச்சம் என்றால் கூசாத வெளிச்சம்.

சத்தத்துக்கு உலக சுகாதார அமைப்பு சொல்லும் அளவு, பாடம் நடக்கும்போது வகுப்பறையின் பின்னணிச் சத்தம் 35 டெசிபல். நம் தெருக்களில் அது கிடைப்பது கடினம்தான். குறைந்தபட்சம் ஜெனரேட்டரையும் மோட்டார் அறையையும் வகுப்புக்குத் தள்ளி வை, கடகடக்காத ஃபேன் வாங்கச் சொல். பெயிண்டும் பிளைவுட் வேலையும் பள்ளி திறக்கச் சில வாரம் முன்பே முடிந்து, ஜன்னல்கள் திறந்தே கிடக்க வேண்டும். புது பிளைவுட்டிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியானது.

முதலாளிகளிடம் ஆரோக்கியம் என்று தொடங்கினால் முகம் வாடும்; பணக் கணக்கில் தொடங்கு. பெங்களூரு கார்மெண்ட் தொழிற்சாலைகளில் பழைய டியூப்லைட்டுகளை மாற்றி எல்இடி போட்டார்கள், மின்சாரம் மிச்சமாகும் என்று. அந்த விளக்குகள் வெளியிடும் சூடு குறைவு. வெயில் நாட்களில் தையல் வேகம் சரிவது அதனால் குறைந்தது. அந்தக் கூடுதல் உற்பத்தியையும் சேர்த்தால், போட்ட பணம் திரும்பும் காலம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது என்று பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இதை எடுத்துச் சொல். ஹார்வர்டு ஆய்வையும் பலர் காட்டுவார்கள்: 24 அலுவலகப் பணியாளர்கள், ஆறு நாள், காற்று சுத்தமாக இருந்த நாட்களில் முடிவெடுக்கும் திறன் சோதனையில் இரண்டு மடங்கு மதிப்பெண். நல்ல ஆய்வுதான், ஆனால் ஆட்கள் குறைவு. இரண்டு மடங்கு என்று வாக்குக் கொடுத்துவிடாதே.

கடைகளை வரையும்போது விற்பனைப் பெண்கள் உட்கார இடம் வரை. 2021-இல் தமிழ்நாடு அதைச் சட்டமாக்கிவிட்டது. ஆனால் கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூலுக்கு இடமே விடாமல் நாம் வரைந்தால் அந்தச் சட்டம் எங்கே போய் உட்காரும்? கழிப்பறையும் அப்படியே. அது தூரமாகவோ அழுக்காகவோ இருந்தால் பெண்களும் பெண்பிள்ளைகளும் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள்.

கட்டி முடித்துச் சாவியைக் கொடுத்ததோடு வேலை முடியவில்லை. கரியமில வாயு மீட்டர் ஒன்று சொந்தமாக வாங்கிக்கொள். ஏப்ரல் மாதம் இரண்டு மணிக்குப் போய்க் கடைசி பெஞ்சில், பிள்ளைகளோடு, ஒரு பீரியட் முழுக்க உட்கார். பிறகு அந்த வகுப்பைப் பெருக்கும் ஆயாம்மாவிடம் கேள்: எந்த ஜன்னலைத் திறப்பதே இல்லை, ஏன்? அவருக்குத் தெரியும். பெரும்பாலும் கொசு, சாரல், பக்கத்துச் சத்தம் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். கொசுவலைச் சட்டம், அகலமான சன்ஷேடு, ஜன்னலை வைக்கும் இடம் என்று மூன்றுக்கும் அடுத்த பிளானிலேயே வழி வைத்துவிடலாம்.

அன்புடன்,
உன் அண்ணன்