உதட்டுக் கொப்புளமும் ஆய்வுகூடமும்

ராத்தாவின் குழந்தைக்குப் பெயர் வைத்த கிழமை அது. காய்ச்சல் மாறி எழும்பிய உம்மம்மாவின் உதட்டோரத்தில் சிறு கொப்புளங்கள். "பல்லி மூத்திரம் பட்டிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே பிள்ளையை முத்தமிடக் குனிந்தார்.

"கொஞ்சம் பொறுங்க உம்மம்மா" என்றேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்புச் சகோதரிகளே, இத்தகைய கொப்புளங்களுக்குப் பெரும்பாலும் காரணம் ஹேர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரசு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறத்தாழ 380 கோடிப் பேருக்கு இதன் முதலாம் வகை தொற்றியிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பெரியவர்களுக்குக் கொப்புளம் தானாகவே ஆறிவிடும். பிறந்து சில வாரங்களேயான குழந்தைக்கோ தொற்று ஈரலுக்கும் மூளைக்கும் பரவி உயிராபத்தாகலாம்.

பெரும்பாலும் வைத்தியர் பார்த்தே அறிந்துகொள்வார். சந்தேகம் வந்தால் இழையப் பரிசோதனை உதவும். பிரான்சின் தோல் வைத்தியர் ஆர்னோ ட்சாங்க் 1947இல் அறிமுகப்படுத்திய முறை எளிமையானது. புதிய கொப்புளத்தைத் திறந்து, அதன் அடியிலுள்ள கலங்களைச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் பூசி, கீம்சா சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். பல கருக்களைக் கொண்ட இராட்சதக் கலங்கள் தெரிந்தால் வைரசின் அடையாளம் கிடைத்துவிடும். ஆனால் கொப்பளிப்பான் வைரசும் இதே அடையாளத்தையே காட்டும். எந்த வைரசு, முதலாம் வகையா இரண்டாம் வகையா என்று பிரித்தறிய, கொவிட் காலத்தில் நாம் கேள்விப்பட்ட பி.சி.ஆர். பரிசோதனை வேண்டும். அது வைரசின் டீ.என்.ஏ.யையே தேடிப் பிடிக்கிறது.

காய்ந்த பொருக்கில் வைரசு குறைவு. ஆகவே கொப்புளம் புதிதாக இருக்கும்போதே, மருந்தோ பவுடரோ பூசாமல் வைத்தியரிடம் காட்டுவது நல்லது.

வைரசுப் பரிசோதனைகளுக்குப் பெயர்பெற்றது 1900இல் தொடங்கிய கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம். எங்கள் வாவிக்கரையிலிருந்து அது 300 கிலோமீற்றருக்கும் அப்பால். தூர ஆய்வுகூடத்துக்கு மாதிரி குளிரூட்டியே செல்லவேண்டும். முடிவு வர நாளெடுக்கும். அதனால்தான் பச்சிளங் குழந்தைக்குத் தொற்று இருக்கலாம் என்று கண்டால், மாதிரியை எடுத்த கையோடு அசைக்ளோவிர் மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த வயதுக் குழந்தைக்குக் காய்ச்சல், பால் குடிக்காமை, சோர்வு, கொப்புளம் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேண்டும்.

உம்மம்மா கோபிக்கவில்லை. பொருக்கு உதிர்ந்து தோல் ஆறும்வரை தூரத்தில் இருந்தே கொஞ்சினார். பிறகு ஒருநாள் பிள்ளையை மடியில் வாங்கி, "இப்ப கொஞ்சலாமா டொக்டரம்மா?" என்று என்னைக் கேட்டார்.