விடுதியில் பிறந்த மொழி

'பாலை', 'மாலை' ஆகிய இரு சொற்களையும் ஒலி எழுப்பாமல் உதடுகளை மட்டும் அசைத்துச் சொன்னால், எதிரில் இருப்பவருக்கு எது எந்தச் சொல் என்று தெரியாது. பகரமும் மகரமும் மேலுதடும் கீழுதடும் பொருந்துவதால் பிறப்பவை. மகரத்தில் மூச்சு மூக்கின் வழியாக வருகிறது என்பதே வேறுபாடு. அந்த வேறுபாட்டைக் காது அறியும், கண் அறியாது. செவித்திறன் குறைந்த ஒரு மாணவர் ஆசிரியரின் உதடுகளைப் பார்த்தே பாடம் முழுவதையும் புரிந்துகொள்ள வேண்டும் என்றால், இத்தகைய ஊகங்களை ஒரு மணி நேரத்தில் அவர் எத்தனை முறை செய்ய வேண்டியிருக்கும்!

மலாயாவில் செவித்திறன் குறைந்த பிள்ளைகளுக்கான முறையான கல்வி ஏறக்குறைய இப்படித்தான் தொடங்கியது. ஜார்ஜ்டவுனின் கிழக்கே, சுங்கை பினாங் ஆறு கடலோடு கலக்கும் வட்டாரத்திலிருந்து நகரைக் கடந்து வடகரைச் சாலையில் சென்றால் தஞ்சோங் பூங்கா வரும். அங்குள்ள கூட்டரசு காது கேளாதோர் பள்ளியின் வரலாறு 1954ஆம் ஆண்டில் தொடங்குகிறது. வகுப்பறையில் பேச்சுப் பயிற்சிக்கும் உதட்டசைவை வாசிப்பதற்குமே முதலிடம் தரப்பட்டது. இது பினாங்கில் மட்டும் தோன்றிய எண்ணம் அன்று. 1880ஆம் ஆண்டு இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, சைகையைவிடப் பேச்சுவழிக் கற்பித்தலே சிறந்தது எனத் தீர்மானித்தது. அத்தீர்மானத்தின் தாக்கம் பல நாடுகளின் வகுப்பறைகளில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நீடித்தது.

ஆனால், பள்ளி என்பது வகுப்பறை மட்டுமன்று. பாடவேளை முடிந்ததும் பிள்ளைகள் விடுதிக்குத் திரும்பினர். மலாய், சீனம், தமிழ் என வெவ்வேறு மொழி பேசும் வீடுகளிலிருந்து வந்தவர்களுக்குப் பொதுவாக இருந்தவை கைகளும் கண்களும் முகமும்தாம். விளையாட்டுக்கும் சண்டைக்கும் வீட்டு நினைவுக்கும் ஒரு மொழி வேண்டுமே! அவர்கள் தமக்குள் சைகைகளை உருவாக்கிக்கொண்டனர். மூத்தவர்களிடமிருந்து இளையவர்கள் கற்றனர். எந்த ஆசிரியரும் கற்பிக்காத, எந்தப் பாடநூலிலும் இல்லாத அந்த மொழியே பின்னர்ப் 'பினாங்குச் சைகை மொழி' எனப் பெயர் பெற்றது. காது கேளாதவரை 'ஊமை' என்று அழைத்த காலம் ஒன்று உண்டு. விடுதியில் மொழி ஒன்றையே படைத்த பிள்ளைகளுக்கு அச்சொல் எவ்வளவு பொருந்தாதது!

1970களின் பிற்பகுதியில் கல்வித்துறையின் போக்கு மாறியது. மலாய்மொழிக் கைக்குறியீட்டு முறை பள்ளிகளுக்கு வந்தது. இது மலாய் வாக்கியத்தைச் சொல் வரிசை மாறாமல் கைகளால் காட்டும் முறை. சொற்களின் முன்னும் பின்னும் வரும் ஒட்டுகளுக்கும் தனித்தனிக் குறிகள் உண்டு. மலாய் எழுதக் கற்பவர்களுக்கு இது உதவியது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், இது கையால் காட்டப்படும் மலாய். தனி மொழி அன்று. காது கேளாதோர் தமக்குள் உரையாடும் மொழி மலேசியச் சைகை மொழியே. அதற்குத் தனி இலக்கணம் உண்டு. கையின் வடிவமும் அசைவும் மட்டுமல்லாமல், முகக்குறிப்பும் அந்த இலக்கணத்தில் அடங்கும். உலகம் முழுவதற்கும் ஒரே சைகை மொழிதான் என்று எண்ணுவது தவறு. மலேசியச் சைகை மொழியில் அமெரிக்கச் சைகை மொழியின் தாக்கம் மிகுதி. ஆனாலும் அவை இரண்டும் வெவ்வேறு மொழிகள்.

2008ஆம் ஆண்டில் நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சட்டம் இயற்றப்பட்டது. மலேசியச் சைகை மொழிக்கு அரசின் ஏற்பும் அதே ஆண்டில் கிடைத்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாட்டு உடன்படிக்கையை மலேசியா 2010ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் உறுதிப்படுத்தியது. அதே ஜூலை மாதத்தில், கனடாவின் வான்கூவர் நகரில் கூடிய அனைத்துலகக் கல்வி மாநாடு மிலான் தீர்மானங்களை நிராகரித்து வருத்தமும் தெரிவித்தது. இடையில் 130 ஆண்டுகள் கடந்துவிட்டன.

சட்டம் கதவைத் திறக்கலாம். உள்ளே நுழைந்தவர் அங்கே நடப்பதைப் புரிந்துகொள்வது வேறு செய்தி. அரசாங்கப் பணியிடங்களில் ஒரு விழுக்காடு மாற்றுத்திறனாளிகளுக்கு என்ற கொள்கை 1988ஆம் ஆண்டு முதல் இருந்து வருகிறது. ஆனால், பணியில் சேர்ந்த காது கேளாத ஊழியர் ஒருவர், ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசும் கூட்டத்தில் அமர்ந்திருந்தால் அவருக்கு என்ன விளங்கும்? ஒருவர் பேசி முடித்த பிறகு அடுத்தவர் பேசுவதற்குச் செலவு ஏதும் இல்லை. விரிவுரையாளர் வெண்பலகையைப் பார்த்தபடி பேசாமல் மாணவரை நோக்கிப் பேசுவதும், குறிப்புகளை முன்கூட்டியே தருவதும் அத்தகையவையே. சைகை மொழிபெயர்ப்பாளருக்கு மட்டும் செலவு உண்டு. நீண்ட விரிவுரையாக இருந்தால் இருவர் தேவைப்படுவர். ஒருவரே இடைவிடாமல் மொழிபெயர்த்தால் கையோடு கவனமும் சோர்ந்துவிடும். 2020ஆம் ஆண்டில் கோவிட் பெருந்தொற்றால் எல்லாரும் முகக்கவரி அணிந்தபோது, உதட்டசைவை நம்பியிருந்தவர்களுக்கு அந்த வழியும் அடைபட்டது. அந்நாளில் தொலைக்காட்சித் திரையின் ஓரத்தில் நின்று கையசைத்த மொழிபெயர்ப்பாளர்தான் நோய் பற்றிய செய்திகளை அவர்களிடம் கொண்டு சேர்த்தார்.

ஏற்பாட்டை மாற்றிப் பார்த்த இடமும் உண்டு. 2016ஆம் ஆண்டு கோலாலம்பூர், பங்சாரில் ஸ்டார்பக்ஸ் நிறுவனம் காது கேளாத ஊழியர்களைக் கொண்ட கிளை ஒன்றைத் திறந்தது. அந்நிறுவனம் உலகில் திறந்த முதல் சைகை மொழிக் கிளை அது. சைகை தெரியாத வாடிக்கையாளர் தமக்கு வேண்டியதை எழுதிக் காட்டலாம். அங்கே மொழி தெரியாமல் ஒரு நொடி தடுமாறுபவர் காது கேட்கும் வாடிக்கையாளரே.

தஞ்சோங் பூங்கா விடுதிப் பிள்ளைகள் உருவாக்கிய பினாங்குச் சைகை மொழி இன்று பெரும்பாலும் முதியவர்களின் கைகளில்தான் இருக்கிறது. இளையோர் மலேசியச் சைகை மொழியைப் பயன்படுத்துகின்றனர். கைமொழிக்கு எழுத்து வடிவம் பரவலாக இல்லாததால், பழைய சைகைகளைக் காணொளியில் பதிவு செய்வதே அவற்றைக் காக்கும் வழி. அதற்கு, அவற்றை அறிந்த மூத்தவர்கள் ஒளிப்படக் கருவியின் முன் அமர்ந்து, தம் பள்ளிப்பருவத்தைக் கைகளால் சொல்ல வேண்டும்.