அந்த நூறு பவுண்ஸை நான் கட்டவில்லை

வயிற்றில் பிள்ளையோடு பல் அடைத்ததற்கு எனக்குத் தண்டக் கடிதம் வந்தது. நூறு பவுண்ஸ் தண்டம், அதற்கு மேல் பல் அடைத்த காசு. "அரசாங்கத்தோட ஏன் மல்லுக்கட்டுறாய், கட்டிவிடு பிள்ளை" என்று மாமி சொன்னா. மச்சாளும் அதையே சொன்னா. நான் கட்டவில்லை. இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் பெண்கள் பலர் பேசாமல் கட்டிவிட்டு வருவதைக் கண்டபடியால்தான் எழுதுகிறேன்.

சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறது. சிகிச்சை தொடங்கும் நாளில் நீங்கள் கர்ப்பமாக இருந்தால் என்எச்எஸ் பல் வைத்தியம் இலவசம். பிள்ளை பிறந்து 12 மாதம் வரைக்கும் அப்படித்தான். அதற்கு மெற்றேனிற்றி எக்ஸெம்ப்ஷன் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. மிட்வைஃப் அல்லது ஜீபி கணினியில் விண்ணப்பித்து எடுத்துத் தரவேண்டும். எனக்கு வாய்த்த மிட்வைஃப் ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, ஃபோலிக் அசிட் எல்லாம் விளக்கமாகச் சொன்னா. இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

பல் கிளினிக்கில் ரிசெப்ஷனில் இருந்த பெண், "கர்ப்பமா? அப்ப ஃப்ரீதான்" என்று சொல்லி, சான்றிதழ் வைத்திருப்பவர் என்ற கட்டத்தில் தானே டிக் போட்டு என்னிடம் கையெழுத்து வாங்கினா. என்னிடம் இல்லாத சான்றிதழ் அது. அந்த ஒரு டிக்தான் எல்லாவற்றுக்கும் காரணம். பிறகு அரசாங்கக் கணினி தேடியிருக்கிறது, என் பெயரில் சான்றிதழ் இல்லை, கடிதம் வந்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். "நீங்கள்தானே கையெழுத்து வைத்தீர்கள்" என்றா. மன்னிப்பு ஒன்றும் வரவில்லை. கர்ப்பிணி ஒருத்தியை மோசடிக்காரி போல நிற்கவைத்த அந்தப் பேச்சு எனக்கு இன்னமும் ஆறவில்லை.

அதனால் எந்தக் கட்டத்தில் டிக் விழுகிறது என்று வாசித்த பிறகே பேனாவைத் தொடுங்கள். கடிதம் வந்தால் ஒளித்து வைக்காதீர்கள். 28 நாள் தாண்டினால் இன்னும் 50 பவுண்ஸ் வரை ஏற்றுவார்கள். சான்றிதழ் இல்லாவிட்டாலும் கர்ப்பமாக இருந்ததைக் காட்டினால் போதும். 20 வாரத்துக்குப் பிறகு மிட்வைஃப் தரும் எம்ஏடி பி1 படிவத்தில் பிரசவத் தேதி இருக்கும். அதன் பிரதியோடு சிகிச்சை நடந்த நாளையும் எழுதி அனுப்பினேன். தண்டம் இரத்தாகிவிட்டது. பிள்ளை பிறந்த பிறகென்றால் பிறப்புச் சான்றிதழ் செல்லும்.

வயிற்றுப் பிள்ளையோடு பல்லில் கை வைக்கக் கூடாது என்று மாமி பிடிவாதமாக நின்றா. முரசு வீங்கித் தலையணையில் இரத்தம் படியும்போது யார் பேச்சைக் கேட்பது? கர்ப்பகால ஹோர்மோன் மாற்றத்தால் முரசு இலகுவில் வீங்கும். சுத்தம் செய்யாமல் விட்டால்தான் கேடு. அவ பயந்தது பாதரசம் கலந்த வெள்ளி அடைப்புக்கு. 2018 ஜூலையிலிருந்து கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும், மிக அவசியம் என்று வைத்தியர் கருதினாலொழிய, அதை வைப்பதில்லை. எனக்கு வெள்ளை நிற அடைப்புத்தான் வைத்தார்கள்.

பிள்ளைக்கு வருவோம். முதல் பல் முளைத்ததும், முதல் பிறந்தநாளுக்கு முன்னாலேயே கொண்டுபோய்க் காட்டுங்கள். 18 வயது வரை இலவசம். "நீங்கள் எங்கள் ஏரியா இல்லை" என்று சொன்னால் நம்பவேண்டாம். ஜீபி போலப் பல் வைத்தியருக்கு எல்லை கிடையாது, இடம் இருந்தால் எந்த ஊரிலும் பார்க்கலாம். மூன்று வயதுக்குக் கீழே பற்பசை ஒரு பூச்சுத்தான். ஃபுளோரைட் குறைந்தது 1000 பிபிஎம் இருக்கிறதா என்று டியூபில் பாருங்கள். மூன்று வயதிலிருந்து வருடத்துக்கு இரண்டு தரம் ஃபுளோரைட் வார்னிஷ் பூசுவார்கள், கேட்டு வாங்குங்கள். இரவில் சீனி போட்ட பால் போத்தலை வாயில் வைத்துப் படுக்கவிடுவதை நிறுத்துங்கள். மச்சாள் இதற்கும் என்னோடு கோபம். இங்கிலாந்தில் ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்படுவதற்கு முதற் காரணம் சொத்தைப் பல் என்பதை அவவுக்குக் காட்டியும் பார்த்தேன்.

உங்கள் 12 மாதம் முடியப்போகிறதென்றால் இன்றைக்கே அப்பொயின்ட்மென்ட் எடுங்கள். அந்த வருடத்துக்குள் தொடங்கிய சிகிச்சை பிறகு முடிந்தாலும் காசில்லை.