கருவிகளில் அழியாத அடையாளம்

பல குடும்பங்கள் ஒரே வளவில் தங்கியிருக்கும்போது யாருடைய மண்வெட்டி எது என்ற சச்சரவு எழுவது வழக்கம். பெயின்றில் எழுதிய பெயர் மண்ணில் உராய்ந்து விரைவில் அழிந்துவிடும்.

மண்வெட்டி, அலவாங்கு போன்றவற்றில் உருக்கு எழுத்தச்சை வைத்துச் சுத்தியலால் அடித்துப் பதிப்பதையே நாம் விரும்புகிறோம். அடியிலுள்ள உலோகமும் நசுங்குவதால், எழுத்தை அரத்தால் அராவினாலும் அமிலம் பூசிப் பெரும்பாலும் மீட்டெடுக்கலாம். (துப்பாக்கிகளில் அழிக்கப்பட்ட இலக்கங்களை ஆய்வுகூடங்கள் வாசிப்பதும் இவ்வாறே.) வெட்டும் வாயருகே பதித்தால் தேய்ந்துபோகும், பிடி செருகும் துளையருகே பதியுங்கள்.

நீரிறைக்கும் இயந்திரத்தின் வார்ப்பிரும்பு உடலில் மட்டும் அடிக்கவே கூடாது, வெடித்துவிடக்கூடும். அதில் செதுக்கு கருவியால் ஆழமாகக் கீறுங்கள். மரப்பிடியில் சூடுபோடலாம், பிடியை மாற்றினால் அடையாளமும் போய்விடும்.

முதலெழுத்துகள் பலருக்கும் ஒன்றாயிருக்கும். எனவே அடையாள அட்டையின் கடைசி 4 இலக்கங்களையும் சேர்த்துப் பதியுங்கள்.