சேர்ந்தே போவோம், வாருங்கள்



ஞாயிறு காலை நீங்கள் பூசைக்குப் புறப்படுகிறீர்கள். அதே லயத்தில் அடுத்த காம்பிராக் கதவு மூடியே கிடக்கிறது. அங்கிருப்பவரும் ஞானஸ்நானம் பெற்றவரே. கோவிலுக்கு வந்து பல ஆண்டுகளாகின்றன. அவரை அழைப்பது யார்? "அது சுவாமியாரின் வேலை" என்று சொல்லிவிடுகிறோம். ஹாலிஎலத் தோட்டங்களோ மலைக்கு மலை பரந்து கிடக்கின்றன. குருவானவர் எப்போதாவதுதான் அவரைக் காண்பார். நீங்களோ பீலிக்கரையிலும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் நாள்தோறும் காண்கிறீர்கள்.

பிலிப்புவின் வழி

அருளப்பர் நற்செய்தி முதல் அதிகாரத்தைப் பாருங்கள். நாசரேத்தூரிலிருந்து நல்லது எதுவும் வருமா என்று நத்தனியேல் ஐயப்பட்டார். பிலிப்பு வாதாடவில்லை, நேரில் வந்து பார்க்கும்படி அழைத்தார். அதுவே போதுமாயிற்று.

முதலில் கேளுங்கள்

வராதவர் எல்லாரும் விசுவாசம் இழந்தவர் அல்லர். ஒருவருக்கு ஞாயிறன்றும் கைக்காசு வேலை. ஒருவருக்கு உடுத்த நல்ல சேலை இல்லையே என்ற கூச்சம். இன்னொருவருக்குக் கோவிலில் யாரோ சொன்ன கடுஞ்சொல் ஆறாத புண். ஆகவே குற்றம் சாட்டாமல் காரணத்தைக் கேளுங்கள். பின்பு, "கோவிலுக்கு வரக் கூடாதா?" என்பதை விட்டு, "அக்கா, ஞாயித்துக்கிழமை உங்க வாசல்ல வந்து நிக்கிறேன், சேர்ந்தே போவோம்" என்று சொல்லுங்கள். வந்தவரைக் கடைசி வாங்கில் தனியே விடாதீர்கள், அருகில் அமருங்கள். "இப்பவாவது வழி தெரிஞ்சுதா?" என்ற ஒரு கேலிச்சொல் அவரை மறுபடியும் துரத்திவிடும்.

பிற மதத்து அயலவர்

இந்து, பௌத்த நண்பர்களையும் திருவிழாவுக்கு அன்போடு அழைக்கலாம். நற்கருணை வாங்குவது கத்தோலிக்கருக்கே உரியது என்பதை முன்கூட்டியே பக்குவமாகச் சொல்லிவிட்டால், அவர்களுக்குச் சங்கடம் நேராது. ஆனால் உதவியைக் காட்டி ஆள் சேர்ப்பது பாவம். விசுவாசத்தைப் பரப்புவதில் வற்புறுத்தலோ தகாத தூண்டுதலோ கூடாது, ஏழை எளியவரிடம் சிறப்பாகக் கூடாது என்று 1965 டிசம்பர் 7இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமயச் சுதந்திரம் பற்றிய அறிக்கையில் தெளிவாகக் கூறியது. நாளை அவர்கள் பொங்கலுக்கு அழைத்தால் மகிழ்ந்து செல்லுங்கள்.

நம் நாட்டின் முன்மாதிரி

ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடை செய்திருந்த காலத்தில், 1687இல் முனிதர் யோசேப் வாஸ் இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் பிச்சைக்காரர் கோலத்தில், கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகச் சென்று, சிதறிய விசுவாசிகளைக் கண்டுபிடித்தார். 1697இல் கண்டியில் அம்மை பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளிகளை மதம் பாராமல் பேணினார். வாய் அழைக்குமுன் அவர் கைகள் அழைத்தன. 2015 ஜனவரி 14இல் கொழும்பில் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது.

சிந்தனைக்கு

1. நம் லயத்தில் கோவிலுக்கு வராதிருப்பவர் யார்? காரணம் அறிவோமா?

2. அவர் விலகியதில் நம் சொல்லுக்கும் பங்கு உண்டா?

இந்த வாரச் செயல்: குடும்பச் செபத்தில் ஒருவரின் பெயரைச் சொல்லி மன்றாடுங்கள். வரும் ஞாயிறு அவர் வாசலில் போய் நில்லுங்கள். அவர் வர மறுத்தாலும் நட்பை விடாதீர்கள்.