பேண்ட் ஆரம்பிக்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

கல்ச்சுரல்ஸ் தேதி அறிவித்த அன்று ராத்திரியே ஹாஸ்டலில் இரண்டு, மூன்று பேண்ட் பிறந்துவிடும். மேடை இறங்கிய மறுநாள் அதில் ஒன்றுகூட இருக்காது. அதோடு சில நட்புகளும் போயிருக்கும். திறமை இல்லாததால் இல்லீங்க, பேச வேண்டியதைப் பேசாததால்!

யாரைச் சேர்ப்பது?
1957 ஜூலை 6, லிவர்பூலில் ஒரு தேவாலயத் திருவிழா. 16 வயது ஜான் லெனனுக்கு 15 வயது பால் மெக்கார்ட்னி அறிமுகமானார். கிட்டாரைச் சுருதி சேர்க்கவே ஜானுக்குச் சரியாகத் தெரியாது, பாலுக்குத் தெரியும். நம்மைவிட நல்லா வாசிக்கிறவனைச் சேர்த்தால் நம்ம கெத்து என்னாகும் என்று ஜான் யோசித்தார். கடைசியில் சேர்த்துக்கொண்டார். பீட்டில்ஸ் அங்கேதான் தொடங்கியது. உங்களுக்குத் தெரியாதது தெரிந்தவரைத் தேடுங்க. ரூம்மேட் என்பது மட்டும் தகுதி ஆகாது.

முதல் நாளே கேளுங்க
என்ன பாட்டு பிடிக்கும்? வாரத்தில் எத்தனை நாள் வர முடியும்? இன்டர்னல்ஸ் வந்தால் என்ன செய்வோம்? ஸ்டுடியோ வாடகை யார் தருவது? இதற்குப் பதில் ஒத்துப்போகவில்லை என்றால், எவ்வளவு நல்லா வாசித்தாலும் சிக்கல்தான்.

சுருதியும் வேகமும்
பாடுபவருக்கு எந்தக் கட்டை வசதியோ அதுதான் பாட்டின் சுருதி. கிட்டாரிஸ்டுக்கு சுலபமான கார்டு என்பதற்காகப் பாடகியின் தொண்டையைப் பலி கொடுக்காதீங்க. சி மேஜரில் பழகிய பாட்டு 2 கட்டைக்குப் போக வேண்டுமா? இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ போட்டால் முடிந்தது. அதேபோல, வேகத்தை மெட்ரோனோமில் பார்த்து எல்லோரும் குறித்து வையுங்க. 'நீ ஓடுற, நான் இல்ல' என்ற சண்டை பாதி குறையும். வீட்டில் பாடம் பண்ணிட்டு வாங்க. ரிகர்சல் என்பது சேர்ந்து வாசிக்க மட்டும்.

பெயர் யாருக்கு?
குயின் குழுவில் பாட்டை யார் எழுதினார் என்பதே நீண்ட நாள் உரசலாக இருந்தது. 1989-இல் வந்த 'தி மிராக்கிள்' ஆல்பத்தில் எல்லாப் பாட்டுக்கும் 'குயின்' என்றே பெயர் போட்டார்கள். சொந்தப் பாட்டு போடுகிறீர்களா? பதிவேற்றும் முன்பே இதைப் பேசிடுங்க.

ஒருவர் ஒத்துவரவில்லை என்றால்?
இதுதான் கஷ்டமான பாடம். பீட் பெஸ்ட் இரண்டு வருஷம் பீட்டில்ஸின் டிரம்மர். 1962 ஆகஸ்டில் அவரை நீக்கியபோது, செய்தியைச் சொன்னது மேனேஜர் பிரையன் எப்ஸ்டீன். கூட வாசித்த மூவரும் நேரில் சொல்லவில்லை. இசைக்கு அந்த முடிவு சரியாக இருந்திருக்கலாம். சொன்ன விதம்?

நம்ம ஊரில் இதே வேலையை வாட்ஸ்அப் செய்கிறது. பழைய குரூப் அப்படியே இருக்கும், ஒருவர் இல்லாமல் புதுக் குரூப் ஓடும். தயவுசெய்து அதைச் செய்யாதீங்க மக்களே. கேன்டீனுக்குக் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. கோபப்படுவார், நாலு நாள் பேசமாட்டார். ஆனால் நாலு வருஷம் அதே வகுப்பில்தானே உட்காரப் போறீங்க!