மலைக்காட்சி ஓவியம்

திண்டுக்கல் நகரையொட்டித் தனிப்பாறைக் குன்று ஒன்று எழுந்து நிற்கின்றது. திண்டு போன்ற கல் ஆதலின் ஊர் இப்பெயர் பெற்றது என்பர். குன்றின்மேல் மதுரை நாயக்கர் எழுப்பிய கோட்டை உள்ளது. தென்கிழக்கே சிறுமலையும், மேற்கே பழனிமலைத் தொடரும் தோன்றும். நாள்தோறும் காணும் இம்மலைகளை ஓவியமாகத் தீட்ட முற்படும்போதுதான், காண்பதும் ஒரு கலை என்பது விளங்கும்.

ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவர்தம் உடன்பிறந்தார் மகன் வில்லியம் டேனியலும் 1786ஆம் ஆண்டில் இந்தியாவிற்கு வந்தனர். 1792இல் தென்னாட்டில் பயணம் செய்தனர். அவர்கள் வெளியிட்ட ‘கீழைநாட்டுக் காட்சிகள்’ என்னும் வரிசையில் 144 படங்கள் உள்ளன. பாபநாச அருவியும், திண்டுக்கல் பகுதியைச் சார்ந்த ஆத்தூரின் அருகிலுள்ள காட்சியும் அவற்றுள் அடங்கும். வில்லையின் வழியே காட்சியைத் தாளில் விழச் செய்யும் இருட்பெட்டி ஒன்று அவர்களுக்குத் துணையாயிற்று. அப்பெட்டி மலையின் உருவத்தைக் காட்டும். ஆனால், எவ்விடத்தில் நிற்பது, எப்பொழுதில் வரைவது, எதனை விடுப்பது என்பவற்றைக் கூறாது. அவை ஓவியன் தானே தெளிய வேண்டியவை.

முதலில் இட அமைப்பைக் காண்போம். வானும் நிலமும் கூடும் கோட்டைத் தாழ்த்தி வரைந்தால் மலை ஓங்கித் தோன்றும். உயர்த்தி வரைந்தால் சமவெளி அகன்று விரியும். அண்மையில் ஒரு பனைமரம், இடையே வயல், சேய்மையில் மலை என அமைத்தால், பார்ப்பவர் கண் படிப்படியாக உள்ளே செல்லும். அடிவாரத்தில் சிறு மனித உருவம் ஒன்று இருப்பின், அதுவே மலையின் உயரத்திற்கு அளவுகோலாகும்.

அடுத்து வண்ணம். அண்மையிலுள்ள கோட்டைப் பாறை பழுப்பாகவும், தொலைவிலுள்ள சிறுமலை நீலமாகவும் தோன்றுவது ஏன்? இடையிலுள்ள காற்று நீல ஒளியை மிகுதியாகச் சிதறச் செய்வதே காரணமாகும். ஆதலின், மலை பச்சை என்று அறிந்திருந்தும், தொலைவைக் காட்ட விரும்பும் ஓவியன் நீலமே தீட்டுவான்.

இவ்விரண்டும் ஓர் உணர்ச்சிக்குத் துணைசெய்தல் வேண்டும். நண்பகலில் நிழல் சுருங்கிப் பாறை வெறுமையாகத் தோன்றும். மாலையில் நிழல் நீண்டு அமைதி பிறக்கும். கார்முகில் கவிந்தால் அச்சமும் வியப்பும் தோன்றும். இவை மூன்றையும் ஒரே படத்தில் புகுத்தினால் ஒன்றும் நெஞ்சில் நில்லாது. நிலமும் பொழுதுமாகிய முதற்பொருளையும், மரம், பறவை முதலிய கருப்பொருளையும் உரிப்பொருளாகிய உணர்ச்சியோடு இயைத்துக் காட்டிய நம் முன்னோர், இவ்வுண்மையைக் கவிதையில் நன்கு உணர்ந்திருந்தனர்.

மாணவர்களே! உங்கள் ஊர்க் குன்றினை வரையத் தொடங்குமுன், சற்று நேரம் அமைதியாக நோக்குங்கள். அது அப்பொழுது உங்கள் உள்ளத்தில் எழுப்பும் உணர்ச்சி யாது என வினவி, அதற்கேற்ற இடத்தையும் பொழுதையும் தேர்ந்து, பின்னர்த் தூரிகையை எடுங்கள்.